அத்தியாயம் 3: வால்வு எங்கே இருக்கிறது?

மேலே படிக்குமுன் எழுந்துபோய் ஒரு வேலை செய்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய்க்கு வரும் தண்ணீரை எந்த வால்வை மூடினால் நிறுத்தலாம்? அதைக் கண்டுபிடித்து மூடிவிட்டு, குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நின்றால் இந்த அத்தியாயத்தில் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

எனக்கு முழுதாகத் தேவைப்பட்டது. ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, மாடியில் கை கழுவும் பேசினுக்கு அடியில் இருக்கும் ஒன்றரை அடி கனெக்‌ஷன் பைப், நட்டுக்குப் பக்கத்தில் பிய்த்துக்கொண்டது. தண்ணீர் சுவரில் அடித்துத் தெறித்தது. குனிந்து ஆங்கிள் காக்கைத் திருகினேன். குமிழ் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, தண்ணீர் குறையவில்லை. உள்ளே மரை தேய்ந்து எத்தனை நாளாயிற்றோ. மொட்டை மாடிக்கு ஓடினால் தொட்டிக்குக் கீழே நான்கு கேட் வால்வுகள். நான்கும் ஒரே மாதிரி, ஒரே துரு. முதல் வால்வின் சக்கரம் கையோடு வந்துவிட்டது. அதற்குள் படிக்கட்டில் தண்ணீர் இறங்கி ஹாலுக்கு வந்துவிட்டது. கடைசியில் தொட்டி காலியானபோதுதான் தண்ணீர் நின்றது.

காலையில் பிளம்பர் வந்து முதலில் கேட்டது, "மேல வால்வை மூடலையா சார்?"

"எதுன்னு தெரியலைப்பா."

"பத்து வருஷமா இதே வீட்டுலதான சார் இருக்கீங்க?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

குழாய் வேலையில் கைத்திறன் வேண்டிய இடங்கள் குறைவு. வீட்டுக்குள் தண்ணீர் எப்படி வருகிறது, எங்கே பிரிகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய இடங்கள்தான் அதிகம். அந்த அறிவு இருந்தால், பிளம்பர் வரும்வரை பொறுக்கலாம். இல்லாவிட்டால், அவர் வரும்போது ஹாலில் படகு விடலாம்.

தண்ணீரோடு ஒரு நடை

தெருவிலிருந்து தொடங்குங்கள். நகராட்சிக் குழாயோ லாரியோ போர்வெல்லோ, நம் ஊர்களில் பெரும்பாலான தனி வீடுகளில் தண்ணீர் முதலில் போவது தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்கு. அங்கே மிதக்கும் பந்துள்ள வால்வு ஒன்று, நிறைந்ததும் வரத்தை அடைக்கும். சம்ப்பிலிருந்து மோட்டார் இழுத்து மேல்தொட்டிக்கு ஏற்றும். மேல்தொட்டிக்குப் பிறகு எல்லாம் ஈர்ப்பு விசையின் வேலை. தொட்டியின் அடியிலிருந்து குழாய்கள் பிரிந்து, சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று இறங்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வால்வு. கீழே ஒவ்வொரு குழாய்க்கும் பேசினுக்கும் ஃபிளஷ் டேங்க்குக்கும் முன்னால் தனித்தனி ஆங்கிள் காக்.

ஆக, எந்தக் கசிவுக்கும் நிறுத்தும் இடங்கள் இரண்டு. பக்கத்தில் ஆங்கிள் காக், மாடியில் வால்வு. முன்னது கைகொடுக்காவிட்டால் பின்னதுக்குப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் ஒருவர் கீழே குழாயைத் திறந்துவைத்து நிற்கட்டும். நீங்கள் மாடியில் ஒவ்வொரு வால்வாக மூடுங்கள். "நின்னுடுச்சு!" என்று குரல் வந்ததும் அந்த வால்வின் கழுத்தில் ஒரு அட்டையைக் கட்டுங்கள். காகிதம் ஒரே மழையில் கரையும். பழைய தகர டப்பாவில் வெட்டிய துண்டில் ஆணியால் கீறி எழுதினால் பல ஆண்டு நிற்கும். நான் பெயின்ட்டில் நிறம் அடித்துவிட்டேன். சமையலறைக்கு மஞ்சள், கீழ்க் குளியலறைக்கு நீலம், மேலுக்குச் சிவப்பு. நான்காவது வால்வு எதற்கென்று இன்றைக்கும் தெரியாது. வீடு கட்டியவர் சொல்லாமல் போய்விட்டார். அதை மூடினாலும் எந்தக் குழாயிலும் தண்ணீர் நிற்பதில்லை. அது நிரந்தரமாக மூடியே இருக்கிறது.

இந்த நடையிலேயே வால்வின் உடல்நலமும் தெரிந்துவிடும். கேட் வால்வுக்குள் இருப்பது மேலும் கீழும் போகும் ஒரு தகடு. அதைப் பாதி திறந்துவைத்துத் தண்ணீரை மட்டுப்படுத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படி வைத்தால் ஓடும் நீர் தகட்டின் விளிம்பை அரித்துவிடும். பிறகு முழுதாக மூடினாலும் ஒழுகும். கேட் வால்வு என்றால் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து, கடைசியில் கால் சுற்றுப் பின்னால் திருப்பி வையுங்கள். அசையாமலே கிடந்தால்தான் உப்பும் துருவும் பிடித்து இறுகும். இறுகிப்போன வால்வில் முரட்டு பலம் காட்டக் கூடாது. வால்வின் உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மறுகையால் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். பிடிக்காமல் திருகினால் அந்த விசையெல்லாம் பிளாஸ்டிக் தொட்டியின் வாய்க்குப் போய் அதை விரிசல் விடவைக்கும்.

புதிதாக மாற்றுகிறீர்கள் என்றால் கேட் வால்வுக்குப் பதில் பால் வால்வு போடுங்கள். உள்ளே துளையிட்ட ஒரு உருண்டை. நெம்பியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். நெம்பி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இருட்டிலும் தடவிப் பார்த்தே சொல்லலாம். கடையில் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை: சம்ப்பில் மிதக்கும் பந்துக்கும் நம் ஊர்க் கடைகளில் பால் வால்வு என்றுதான் பெயர். எது வேண்டும் என்று கையால் காட்டிக் கேட்காவிட்டால் இன்னொன்றைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். பாலுக்கும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

எங்கே போகிறது தண்ணீர்?

"மோட்டார் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு, தொட்டி நிக்கவே மாட்டேங்குது" என்ற புலம்பலுக்கு ஒரே பரிசோதனை போதும். இரவு எல்லோரும் படுத்தபின் தொட்டியில் ஒரு குச்சியை நேராக நிறுத்தி, நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில், யாரும் குழாயைத் தொடுமுன், மறுபடி பாருங்கள். 1,000 லிட்டர் உருளைத் தொட்டியின் குறுக்களவு 110 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு செ.மீ. இறங்கியிருந்தால் 9.5 லிட்டர் காணாமல் போயிருக்கிறது.

இறங்கியிருந்தால் அடுத்த இரவு ஒரே ஒரு கிளையின் வால்வை மூடிவைத்துப் பாருங்கள். மறுநாள் இன்னொன்று. எதை மூடியபோது மட்டம் இறங்கவில்லையோ, அந்தக் கிளையில்தான் கசிவு. எல்லாவற்றையும் மூடியும் இறங்கினால் தொட்டியின் வாயைப் பாருங்கள். அதுவும் உலர்ந்திருந்தால், நீர் ஏறிவந்த வழியே மோட்டார் குழாய்க்குள் திரும்பிச் சம்ப்புக்கே போகிறது. அந்தக் குழாயின் முனை தொட்டி நீருக்குள் மூழ்கியிருந்து, நான்-ரிட்டர்ன் வால்வு பழுதானால் இது நடக்கும்.

பெரும்பாலும் குற்றவாளி ஃபிளஷ் டேங்க்தான். அது சத்தமில்லாமல் ஒழுகும். கோப்பையின் பின்சுவரில் கண்ணாடிபோல வழிவதால் கண்ணுக்கும் தெரியாது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துச் சொட்டை ஃபிளஷ் டேங்க்குக்குள் விட்டு, அரைமணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் எட்டிப்பார்த்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். இதைச் செய்துபார்த்த என் மாமியார், "இத்தனை நாள் வெளுத்த வேட்டிக்கு மட்டும்தான் நீலம்னு நெனச்சேன்" என்றார்.

சொட்டும் குழாயும் சின்ன விஷயமில்லை. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர். ஒரு குடத்துக்கும் மேல்.

ஒரு வாஷரை மாற்றுவது

பழைய பித்தளைக் குழாய்களைப் பற்றிச் சொல்கிறேன். இன்னும் வீட்டுப் பின்கட்டிலும் மொட்டை மாடியிலும் அவைதான் இருக்கின்றன. சொட்டும்போது நாம் செய்யும் தவறு, இன்னும் இறுக்கித் திருகுவது. இறுக்க இறுக்க வாஷர் நசுங்கும், அதன் இருக்கையும் பள்ளமாகும். பிறகு குழாயையே மாற்ற வேண்டியதுதான்.

முதலில் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். கீழே இருக்கும் வடிகால் துளையைத் துணியால் அடையுங்கள், இல்லாவிட்டால் திருகாணி அதற்குள்தான் விழும்; இது இயற்கை விதி. கைப்பிடியின் தலையில் இருக்கும் சின்னத் திருகாணியைக் கழற்றினால் கைப்பிடி வரும். அடியில் ஆறு பட்டை கொண்ட நட்டு. அதில் ஒரு துணியைச் சுற்றி, ஸ்பேனர் போட்டு இடப்பக்கமாகத் திருப்புங்கள். தண்டு மேலே வரும். தண்டின் அடியில் காளான் போன்ற ஒரு சின்ன உறுப்பு, அதன் முகத்தில்தான் வாஷர். பழையது ஒரு பக்கம் பள்ளமாகவோ, வெற்றிலைபோல் விரிந்தோ இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் என்று வாயால் சொல்லி வாங்கியது பொருந்தாமல் இரண்டு முறை நடந்திருக்கிறேன்.

புது வாஷரைப் போடுமுன் விரலை உள்ளே விட்டு இருக்கையைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. நகத்தில் கீறல் தட்டினால் புது வாஷரும் சீக்கிரம் ஒழுகும். அதே வரிசையில் திரும்பப் பூட்டி, குழாயை மூடிவைத்துவிட்டு, மேல் வால்வை மெல்லத் திறங்கள். வாயில் சொட்டாமல் தண்டைச் சுற்றி மேலே கசிந்தால் அது வாஷரின் குற்றமில்லை. தண்டைச் சுற்றியுள்ள நட்டை லேசாக இறுக்குங்கள். நிற்காவிட்டால் அதற்குள் மெழுகிட்ட நூல் சுற்ற வேண்டும்.

கால் சுற்றுக் குழாய்களில் ரப்பர் வாஷர் கிடையாது. இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து அடைக்கும். போர்வெல் தண்ணீரில் வரும் மணல் அவற்றைக் கீறிவிடும். அந்தக் குழாய் ஒழுகினால் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். மாடல் தெரியாமல் கார்ட்ரிட்ஜ் கிடைக்காது, ஆகவே குழாய் வாங்கிய பில்லை எறியாதீர்கள்.

மரை உள்ள இணைப்பு எதுவானாலும் டெஃப்லான் டேப் சுற்றும் திசை முக்கியம். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் குழாய்களுக்குப் பசை. அதில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்: வெந்நீர்க் குழாய்க்குச் சாதாரண பிவிசி கூடாது, இளகிவிடும். அதற்கு சிபிவிசி, அதற்கென்றே உள்ள பசை. ஒட்டிய உடனே "பிடிச்சிருக்கான்னு பார்ப்போம்" என்று தண்ணீரைத் திறக்காதீர்கள். மாலையில் ஒட்டி, காலையில் திறப்பது நல்லது.

ஷவர் ஏன் அழுகிறது

கடைக் காட்சியறையில் பார்த்த தட்டு அகல ஷவரை வாங்கி மாட்டியவர்கள், வீட்டில் அது மூக்கு ஒழுகுவதுபோல் ஒழுகுவதைப் பார்த்து மனம் உடைவார்கள். ஷவர் மேல் குற்றமில்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தந்தால்தான் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மேல் மாடிக் குளியலறையில் ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் இடையில் இரண்டரை மீட்டர்தான் இருக்கும். கால் கிலோ அழுத்தம். அதிலும் அரை இஞ்ச் குழாயும் ஏழெட்டு எல்போவும் கொஞ்சம் தின்றுவிடும். தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பதற்கும் அழுத்தத்துக்கும் தொடர்பில்லை, உயரம் மட்டும்தான் கணக்கு. ஆகவே பெரிய தொட்டி வாங்கிப் பயனில்லை. தொட்டியின் மேடையை உயர்த்தலாம், மெயின் குழாயை ஒரு இஞ்ச்சாக மாற்றலாம், அல்லது பிரஷர் பம்ப் வைக்கலாம். எனக்கு நான்காவது வழிதான் பிடிக்கும்: வாளியும் மக்கும்.

தொட்டி ஒருமுறை காலியாகி நிறைந்தபின் ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லையா? காற்று அடைத்திருக்கிறது. மொட்டை மாடியில் குழாய் எங்காவது மேலே வளைந்து இறங்கும் இடத்தில் காற்று தங்கி, குறைந்த அழுத்தத் தண்ணீரைத் தாண்டவிடாது. மோட்டார் லைனில் நேரடியாகத் தண்ணீர் வரும் குழாய் இருந்தால், அதிலிருந்து ஒரு ஹோஸை அடைத்த குழாயின் வாயோடு இறுக்கிப் பிடித்து, தண்ணீரைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். தொட்டியில் "குபுகுபு" என்று சத்தம் கேட்டால் காற்று போய்விட்டது. இது அடிக்கடி நடந்தால், தொட்டி வாயருகே, வால்வுக்குப் பின்னால், தொட்டியின் உயரத்தையும் தாண்டி நிற்கும் ஏர் பைப் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். சின்ன செலவு.

மோட்டாரின் நிமிடம்

காலித் தொட்டியை நிறைக்க உங்கள் மோட்டார் எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறது? சுவிட்ச் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் 22. ஒரு கோடையில் அது 35 ஆனது. மோட்டார் போய்விட்டது என்று பயந்தேன். சம்ப்புக்குள் இருக்கும் ஃபுட் வால்வின் சல்லடையில் பாசியும் ஒரு பிளாஸ்டிக் பையும் சுற்றியிருந்தன, அவ்வளவுதான். சத்தம் மட்டும் வந்து தண்ணீர் ஏறாவிட்டால், ஃபுட் வால்வு ஒழுகி இழுகுழாய் காலியாகியிருக்கும். சுவிட்சை அணைத்து, பம்ப்பின் தலையில் இருக்கும் மூடியைத் திறந்து வழியும்வரை நீர் ஊற்றிவிட்டுப் போடுங்கள். வெறுமனே ஓடவிட்டால் சீல் எரிந்துவிடும்.

கீழே போகும் தண்ணீர்

வடிகாலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு வாய்க்குக் கீழேயும் ஒரு வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கி நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்துக்கும் கரப்பான்களுக்கும் கதவு. விருந்தாளிக் குளியலறை நாறுகிறதா? ஆள் போகாததால் அந்தத் தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும்.

சமையலறை சிங்க்கை அடைப்பது பெரும்பாலும் நம் சமையலேதான். இட்லி மாவுப் பாத்திரம் கழுவிய நீர், வடித்த கஞ்சி, எண்ணெய் எல்லாம் குழாய்க்குள் போய்ப் படிந்து, பசைபோல் இறுகும். குளியலறையில் சீயக்காய்த் தூளும் உதிர்ந்த முடியும் சேர்ந்தால் கயிறு திரித்த மாதிரி ஆகிவிடும். சிங்க்குக்கு அடியில் பாட்டில்போல் இருக்கும் டிராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். ஒரு வாளியை வைத்துக்கொண்டு கழற்றுங்கள். கழற்றிய தண்ணீரை அதே சிங்க்கில் ஊற்றி, காலை நனைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அடைப்புக்கு ஆசிட் ஊற்றுவது வேண்டாம். கழிவறைக்கு ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

பிளீச்சிங் பவுடரை வைக்க வேண்டிய இடம் சம்ப்பும் மேல்தொட்டியும். நல்ல பவுடரானால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவைத்து, சுண்ணாம்பை விட்டுத் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். சம்ப்பைக் கழுவ ஆள் இறங்கினால், மோட்டார் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மூடியை நெடுநேரம் திறந்துவைத்துவிட்டு, மேலே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான்.

செப்டிக் டேங்க்குக்குள் எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறக்கக் கூடாது. உள்ளே உள்ள வாயு, இறங்கியவரை ஒரு மூச்சில் சாய்க்கும். காப்பாற்ற இறங்குபவரும் சாய்வார். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறக்கச் சொன்னவருக்கு முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். "லாரி வர வழியில்ல, ஆள் இறங்குவான் சார்" என்று யாராவது சொன்னால், நீளமான ஹோஸ் உள்ள லாரி வரும்வரை காத்திருங்கள்.

ஊருக்குப் போகும்போது

ஒரு வாரத்துக்கு மேல் வீட்டைப் பூட்டினால் மாடி வால்வுகள் எல்லாவற்றையும் மூடுங்கள். கீசர் சுவிட்சை அணையுங்கள். தண்ணீரில்லாமல் கீசர் ஓடினால் கம்பிச்சுருள் எரியும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு மக் தண்ணீரும் ஒரு கரண்டி எண்ணெயும். பேசினுக்குக் கீழே உள்ள கனெக்‌ஷன் பைப்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். பின்னல் கம்பி எங்கேனும் அறுந்து குத்தினால், பயணத்துக்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். திரும்பி வந்ததும் முதல் இரண்டு நிமிடம் வரும் தண்ணீர் மஞ்சளாக வரும். அதைச் செடிகளுக்கு விடுங்கள்.